பலகை வேகாமல் கம்பி பற்றவைக்க

ரிப்பேர் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: “டிராக் தூக்கிடுச்சு.” பலகையோடு ஒட்டியிருக்க வேண்டிய செப்புப் பட்டை, பற்றவைத்த கம்பியோடு சேர்ந்து உரிந்து வந்துவிட்டது என்று பொருள். நான் முதலில் தூக்கிய டிராக் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில். அறுந்துபோன ஸ்பீக்கர் கம்பியைத் திரும்ப வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதிகச் சூடு பட்டால் பலகை கெட்டுவிடும் என்று பயந்து, 25 வாட் அயர்னின் கூர்முனையால் தொட்டும் தொடாமலும் தடவிக்கொண்டே இருந்தேன். லெட், அதாவது பற்றவைக்கும் ஈயம், உருகவில்லை. முக்கால் நிமிடம் போயிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் அண்ணன், “தம்பி, கையை எடு. கம்பி இன்னும் சூடாகலை, போர்டுதான் வேகுது” என்றார். கையை எடுத்தேன். செப்புத் திட்டும் கூடவே வந்தது.

சர்க்யூட் போர்டில் கம்பி வைப்பதற்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் முக்கால்வாசி “சூட்டைக் குறை” என்றே தொடங்கும். அதைக் கேட்டு நடந்ததால்தான் என் பலகை போனது. பலகை எதனால் ஆனது, பற்றவைக்கும் உலோகம் எப்படி நடந்துகொள்கிறது, அயர்ன் எவ்வளவு சூட்டை எவ்வளவு வேகமாகத் தர முடியும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், பலகைகள் கெடுவதற்கு இரண்டு காரணங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. ஒன்று, சூடு தேங்கி நிற்கும் நேரம். மற்றொன்று, கம்பி கொடுக்கும் இழுப்பு. மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

செம்பை ஒட்டியிருக்கும் பசை

அச்சிட்ட சுற்றுப் பலகை வருவதற்கு முன், வால்வு ரேடியோக்களில் கம்பியை உலோக முளைகளில் முதலில் சுற்றி முறுக்குவார்கள். அதன்பின்தான் ஈயம் வைப்பார்கள். பிடிமானம் முறுக்கில் இருந்தது. மின்சாரம் தடையில்லாமல் போவதை மட்டும் ஈயம் பார்த்துக்கொண்டது. ஆஸ்திரியாவிலிருந்து லண்டனுக்குப் போன பொறியாளர் பால் ஐஸ்லர், 1936இல் அச்சிட்ட செப்புத் தடங்களாலான பலகையில் ஒரு ரேடியோவைச் செய்து காட்டினார். உலகப் போருக்குப் பிறகு அந்த முறை எங்கும் பரவியது. முளை இருந்த இடத்துக்குத் தட்டையான செப்புத் திட்டு வந்தது. கம்பியைச் சுற்ற இடமில்லை. முறுக்கு தாங்கிய சுமையை ஈயமும், செம்புக்கு அடியிலுள்ள பசையும் தாங்க வேண்டியதாயிற்று. நம் சிக்கல் பிறந்தது அங்கேதான்.

அந்தப் பசை எவ்வளவு தாங்கும்? சாதாரணப் பலகையில் செம்பின் கனம் 35 மைக்ரான், தலைமுடியைவிட மெலிது. ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள செப்புப் பட்டையை எஃப்ஆர்-4 பலகையிலிருந்து உரித்தெடுக்க, ஆறிய நிலையில், சுமார் 100 முதல் 150 கிராம் எடையின் இழுப்பே போதும். சூடானால் அதுவும் குறைந்துவிடும். எஃப்ஆர்-4 என்பது கண்ணாடி இழைத் துணியை எபாக்சிப் பிசினில் ஊறவைத்து அழுத்திய பலகை. சாதாரண வகையில் 130, 140 டிகிரி செல்சியஸை எட்டும்போதே பிசின் இறுக்கம் விட்டு ரப்பர்போல் இளகத் தொடங்கும். விலை கூடிய வகைகளில் இது 170, 180 டிகிரி வரை போகும். வழக்கமாகப் பற்றவைக்கும் உலோகமோ 183 டிகிரிக்குக் கீழே உருகுவதில்லை. ஆக, எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் அந்த இடத்தில் பசை இளகியே தீரும். எத்தனை விநாடி இளகியிருந்தது, அந்த விநாடிகளில் யாராவது கம்பியை அசைத்தார்களா என்பதில்தான் பலகையின் தலையெழுத்து இருக்கிறது.

இளகிய பிசின் தடிமனிலும் வீங்கும். இளகும் புள்ளியைத் தாண்டியபின் அதன் விரிவு முன்பிருந்ததைப்போல் மூன்று நான்கு மடங்கு. துளையின் உட்சுவரில் பூசிய செம்பு அவ்வளவு விரியாது. ஒரே துளையைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அந்தச் செப்புக் குழாய் உள்ளுக்குள் விரிசல் விடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. மீட்டரில் ஒரு நாள் காட்டும், மறுநாள் காட்டாது.

பழைய ரேடியோ, டிவி ரிமோட், மலிவான சார்ஜர் ஆகியவற்றில் வரும் பழுப்பு நிறப் பலகை வேறு சாதி. காகிதத்தைப் பீனாலிக் பிசினில் தோய்த்துச் செய்தது. ஒரு பக்கம் மட்டும் செம்பு. துளைக்குள் செம்புப் பூச்சு கிடையாது. கண்ணாடி இழைப் பலகையில் துளையின் குழாயே திட்டை இரண்டு பக்கமும் ஆணிபோல் பிடித்துக்கொள்ளும். பழுப்புப் பலகையில் அந்த ஆணி இல்லை, வெறும் பசைதான். நான் கெடுத்தது இதைத்தான். வேலையைத் தொடங்குமுன் பலகையைப் புரட்டி, ஓரத்தைப் பார்த்து, எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே அரை நிமிடம் செலவழித்தால் பிறகு அரை நாள் மிச்சம்.

பற்றாசு

இணைக்கும் உலோகத்துக்குத் தமிழில் பற்றாசு என்ற பழைய பெயர் உண்டு; ஆசு என்றும் சொல்வார்கள். ஆசிடை நேரிசை வெண்பாவில் முதல் குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை விட்டுப்போகும் இடத்தை ஓரிரு அசை சேர்த்து நிரப்புவதற்கும் அதே பெயர்தான். உலோகத்தைப் பற்றாசு வைத்து இணைப்பதைத்தான் யாப்பருங்கலக்காரிகையின் உரை அதற்கு உவமையாகக் காட்டுகிறது. பொருத்தமான உவமை. வெல்டிங்கில் இணைபவையும் உருகும். இங்கே செம்பு உருகாது. இடையில் வைத்தது மட்டும் உருகிப் பரவி, இரண்டையும் பிடித்துக்கொண்டு உறையும்.

ஆனால் ஈயம் என்ற சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதைத் தீர்த்துவிட்டு மேலே போகலாம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். கடையில் வாங்கும் பழைய வகை லெட் சுருளில் நூற்றுக்கு 37 முதல் 40 பங்கு காரீயம். வெள்ளீயம் தனியாக 232 டிகிரியிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும். 63க்கு 37 என்று கலந்தால் இரண்டையும்விடக் குறைவாக, 183 டிகிரியில், ஒரே புள்ளியில் உருகி ஒரே புள்ளியில் உறையும். கம்பி வைப்பவருக்கு இந்தக் கலவை ஒரு வரம். 60க்கு 40 கலவை உறையும்போது சில டிகிரி தூரம் கூழாக நிற்கும். அந்த நேரத்தில் கை நடுங்கினால் இணைப்பு மங்கலாகிப் பிடிப்பு கெடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் காரீயத்துக்குத் தடை வைத்தது. இந்தியாவில் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளும் அதற்கு வரம்பு வைத்தன. இப்போது வரும் பலகைகளில் பெரும்பாலும் வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 என்ற கலவை. 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். பசைக்கு இந்த 34 டிகிரி பெரிய சுமை. காரீயம் இல்லாத பலகையிலிருந்து பழைய கம்பியைக் கழற்றும்போது, அதன்மேல் கொஞ்சம் காரீய லெட்டை உருக்கிக் கலந்தால் உருகுநிலை இறங்கும். சூடு நிற்கும் நேரம் குறையும். வீட்டு ரிப்பேருக்கு இது நல்ல வழி. கலந்ததை லெட் உறிஞ்சும் செப்புப் பின்னலால் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

செம்பும் வெள்ளீயமும் சேருமிடத்தில் சில மைக்ரான் கனத்தில் புதியதொரு படலம் உருவாகும். இணைப்பு என்று நாம் சொல்வது உண்மையில் அதைத்தான். அது உருவாக வேண்டுமானால் செம்பின்மேல் துருப்படலம் இருக்கக் கூடாது. அதை அகற்றுவது பிளக்ஸ். பொற்கொல்லருக்கு வெண்காரம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவருக்கு நவச்சாரம், மின்னணு வேலைக்கு ரோசின். பைன் மரத்துப் பாலிலிருந்து டர்பன்டைனை வடித்தபின் எஞ்சும் பிசின் அது. ஆறியபின் கண்ணாடிபோல் இறுகி, செம்பை அரிக்காமல் கிடக்கும். நவச்சாரத்தையோ, தகரம் ஒட்டுபவர்கள் வைத்திருக்கும் துத்தநாகம் கரைத்த ஆசிட்டையோ பலகையில் ஒருபோதும் தொடாதீர்கள். அவற்றின் குளோரைடு மிச்சம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் டிராக்கை அரிக்கும். பச்சை பூத்துச் செத்துப்போன பலகைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் ஊறிப்போன பழக்கம் ஒன்று உண்டு. அயர்ன் முனையில் லெட்டை உருக்கி, பேஸ்ட் டப்பாவில் ஒரு முறை முக்கி, அந்தச் சொட்டைக் கொண்டுபோய்க் கம்பியின்மேல் வைப்பது. வழியிலேயே பிளக்ஸ் புகையாகிவிடும். சொட்டு திட்டின்மேல் உருண்டையாக உட்காரும், பரவாது. இப்படி வந்த டிரை சால்டரைச் சரிசெய்ய மறுபடி சூடு, மறுபடி சொட்டு. முனை திட்டையும் கம்பியையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு விநாடி கழித்து லெட்டை எதிர்ப்புறமிருந்து அந்தச் சூடான செம்பில் ஊட்ட வேண்டும். செம்பே லெட்டை உருக்கினால் இணைப்பு நல்லது. முனைதான் உருக்கியது என்றால் சந்தேகப்படலாம்.

சூடு, முனை, விநாடி

செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன், அதன் அடியிலுள்ள கண்ணாடி இழைப் பலகையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். சரியான முனையால் தொட்டால் சூடு செம்புக்குள் பாய்ந்து, பலகை விழிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ஊசிபோன்ற முனையால் தொட்டால் சூடு சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். அதே வேகத்தில் செம்பு அதைச் சுற்றுப்புறத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். இணைப்பு 183 டிகிரியைத் தொடுவதற்குள் அக்கம்பக்கத்துப் பசை முழுவதும் இளகிவிடும். அந்த மெக்கானிக் அண்ணன் “போர்டுதான் வேகுது” என்றது இதைத்தான்.

ஆகவே சின்ன வேலைக்குச் சின்ன முனை என்பது தவறான கணக்கு. திட்டின் அகலத்துக்குச் சற்றுக் குறைவான, உளிபோல் தட்டையான முனைதான் கம்பிக்கு உகந்தது. காரீய லெட்டுக்கு முனை 320 முதல் 350 டிகிரி, காரீயம் இல்லாததற்கு 350 முதல் 370 டிகிரி. ஒரு இணைப்புக்கு இரண்டு அல்லது மூன்று விநாடி. ஐந்து விநாடியில் பரவவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள், ஆறட்டும். முனை கறுத்திருக்கிறதா, பிளக்ஸ் போதவில்லையா, திட்டு பெரிய செப்புப் பரப்போடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காரணம் தெரியாமல் மேலும் பத்து விநாடி அழுத்துவதுதான் பலகையைக் கொல்வது. முனையால் அழுத்துவதும் எந்தப் பலனும் தராது. உலோகம் உலோகத்தைத் தொட்டால் போதும், நடுவில் ஒரு சொட்டு உருகிய லெட் இருந்தால் சூடு பாலம் போட்டதுபோல் கடக்கும்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் கிரவுண்ட் திட்டு. கறுப்புக் கம்பி போக வேண்டிய அந்தத் திட்டு பலகை முழுவதும் விரிந்த செப்புத் தகட்டோடு சேர்ந்திருக்கும். நல்ல வடிவமைப்பாளர்கள் திட்டைச் சுற்றி நான்கு மெல்லிய ஆரங்கள் மட்டும் விட்டு மற்றதை வெட்டியிருப்பார்கள். அப்படி இல்லாத பலகையில் 25 வாட் அயர்ன் தோற்றுவிடும். முனைச் சூட்டை 420, 450 என்று ஏற்றுவதைவிட, பலகை முழுவதையும் கீழிருந்து நூறு டிகிரி வரை மெதுவாகச் சூடாக்கிக்கொண்டு, 50, 60 வாட் அயர்னில் வேலை செய்வதே பாதுகாப்பு. ஈரமான கிடங்கில் கிடந்த பலகை என்றால் இந்த முன்சூடு இன்னும் அவசியம். உள்ளே உறிஞ்சிய ஈரம் திடீர்ச் சூட்டில் ஆவியாகி அடுக்குகளைப் பிரித்துவிடும். பலகையில் வெள்ளைப் புள்ளிகள் தெரிவது அதன் தொடக்கம்.

அயர்னிலிருந்து சூடு தவிர இன்னொன்றும் வரும். இரண்டு முனை பிளக் கொண்ட மலிவு அயர்னின் நுனியில் மின்கசிவு இருக்கலாம். மாஸ்பெட், மைக்ரோகன்ட்ரோலர் போன்றவற்றைக் கொல்ல அது போதும். மூன்று முனை பிளக்கும் உண்மையாகவே எர்த் உள்ள சுவிட்ச் போர்டும் வேண்டும். இல்லாவிட்டால் அயர்ன் சூடானதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடுங்கள். பலகையில் பேட்டரி இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். சார்ஜர், பவர் சப்ளை என்றால் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நின்றிருக்கும். அது பலகைக்கு மட்டும் ஆபத்து இல்லை, உங்கள் உயிருக்கும் ஆபத்து.

கம்பியின் பக்கம்

ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் 7/36, 14/36 என்று கேட்டு வாங்கும் கம்பியில் முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. 36 என்பது ஒவ்வொரு இழையின் கேஜ், சுமார் 0.19 மில்லிமீட்டர். ஏழு இழைக் கம்பியை உரிக்கும்போது பிளேடு பட்டு இரண்டு இழை போனால் கால்பங்குக்கு மேல் போயிற்று. உரித்த இழைகளை லேசாக முறுக்கி, பிளக்ஸ் தடவி, தனியாக லெட் ஏற்றிக்கொள்ள வேண்டும். திட்டிலும் தனியாகக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு விநாடி தொட்டால் முடிந்தது. பலகை மொத்தமாகத் தாங்கும் சூட்டை இப்படி இரண்டு சிறு தவணையாகப் பிரித்துக் கொடுக்கிறோம், நடுவில் ஆற விடுகிறோம். என் அனுபவத்தில் பலகையைக் காப்பாற்றும் பழக்கங்களில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

லெட் ஏற்றும்போது உறையின் விளிம்பு வரை விடக் கூடாது. உருகிய லெட் இழைகளுக்கிடையே திரிவிளக்கு எண்ணெய்போல் ஏறிக்கொள்ளும். உறைக்குள் போனால் அந்தப் பகுதி விறைத்து, விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கும் இடத்தில் நாளடைவில் ஒடியும். ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் வெறுமையாக விடுங்கள். சாதாரண பிவிசி உறை சூட்டில் சுருங்கிப் பின்வாங்கும். டெஃப்லான், சிலிகான் உறைகள் நகராது. விலை கூடுதல்தான், நெருக்கமான பலகையில் அந்தக் கூடுதல் விலை தகும்.

இனி இழுப்பு. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒரு பக்கச் செம்புப் பலகையில், கம்பியைச் செம்பு இருக்கும் பக்கத்திலேயே படுக்கவைத்துப் பற்றவைத்தால், ஒவ்வோர் இழுப்பும் திட்டைப் பலகையிலிருந்து உரிக்கும் திசையில் போகும். அதே கம்பியை மறுபக்கத்திலிருந்து துளை வழியாக நுழைத்து, நுனியைச் செம்பின்மேல் லேசாக மடித்துப் பற்றவைத்தால், இழுப்பு திட்டைப் பலகையோடு அழுத்தும். அதே திட்டு, அதே பசை. திசை மாறியதும் கதை மாறிவிடுகிறது. பக்கத்தில் பெரிய துளை இருந்தால் அதில் கம்பியை ஒரு முறை நுழைத்தெடுத்துப் பிறகு திட்டுக்குக் கொண்டுவரலாம். இல்லையென்றால் ஆறியபின் கம்பியைப் பலகையோடு சூட்டுப் பசையாலோ சிலிகானாலோ ஒட்டிவிடுங்கள். வால்வு ரேடியோக்காரர்கள் முறுக்கில் வைத்த நம்பிக்கையை இப்படித்தான் மீட்க முடியும்.

ஒரு சிறு இணைப்பு விரிசல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் அறிய வேண்டிய சான்று 2014 டிசம்பர் 28 அன்று சுரபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட ஏர்ஏசியா 8501. சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியில் ஒரு பற்றவைப்பு விரிசல் கண்டிருந்ததை இந்தோனேசிய விசாரணைக் குழு கண்டறிந்தது. அது தந்த எச்சரிக்கை பயணத்தில் மீண்டும் மீண்டும் வர, அதைச் சமாளிக்க விமானிகள் எடுத்த நடவடிக்கைகளோடு சேர்ந்து விமானம் கட்டுப்பாடு இழந்தது. 162 பேர் இறந்தார்கள். விரிசல் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சங்கிலியின் முதல் கண்ணி அதுதான். விண்வெளி, விமானத் துறைகளில் கைப்பற்றவைப்புக்குத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் கேட்பதன் காரணம் புரியும். இஸ்ரோ இதற்கென்றே பேக்ஸ்-300 என்ற வேலைத்தர விதிநூலை வைத்திருக்கிறது.

எல்இடி தகடும் மொபைல் பலகையும்

மேலே சொன்னவை எல்லாம் கொஞ்சம் தலைகீழாகும் இடம் எல்இடி பல்பின் உள்ளே இருக்கும் அலுமினியத் தகடு. செம்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மின்காப்புப் படலம் சுமார் 100 மைக்ரான்தான். சூட்டை உறிஞ்சி வெளியேற்றவே அந்தத் தகடு. அயர்னின் சூட்டையும் அதே விசுவாசத்தோடு உறிஞ்சும். தகட்டை மேசையிலிருந்து தூக்கி மரக்கட்டையின்மேல் வைத்து, முன்சூடு கொடுத்து, அகன்ற முனையால் வேலை செய்ய வேண்டும். அவசரத்தில் எல்இடியின் மஞ்சள் முகத்தை விரலால் அழுத்தாதீர்கள். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய இணைப்புக் கம்பி இருக்கிறது. சில பல்புகளில் டிரைவரும் தகட்டிலேயே இருக்கும். அவற்றில் 230 வோல்ட் நேராக வரும்.

மொபைல் பலகையில் ஜம்பர் அடிப்பவர்களின் வேலை இன்னொரு எல்லை. 0.1 மில்லிமீட்டர் அளவு எனாமல் கம்பியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, வைத்தபின் யூவி மாஸ்க் பூசி ஒளியில் இறுகவைக்கிறார்கள். அந்தப் பூச்சுதான் அங்கே இழுப்புத் தாங்கி. நம் ஊர்த் தெருக்கடைகளில் இதைச் செய்யும் இளைஞர்களின் கைத்திறனுக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

டிராக் தூக்கிவிட்டால் பலகையைக் குப்பையில் போட வேண்டாம். உரிந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, அதே டிராக் போய்ச்சேரும் அடுத்த பாகத்தின் காலில் கம்பியை வைக்கலாம். அல்லது சற்றுத் தள்ளி டிராக்கின் பச்சைப் பூச்சைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டி, மூன்று நான்கு மில்லிமீட்டர் செம்பை வெளிக்கொண்டுவந்து, அதன் நீளவாக்கில் கம்பியைப் படுக்கவைத்துப் பற்றவைத்து, மேலே எபாக்சி வைத்துவிடலாம். என் ரேடியோவை அந்த அண்ணன் இப்படித்தான் பேசவைத்தார்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பற்றவைக்கும் சூட்டில் காரீயம் ஆவியாவது மிகச் சொற்பம். அது கையிலிருந்து வாய்க்குத்தான் போகிறது. லெட் சுருளைப் பல்லில் கடித்துப் பிடிக்காதீர்கள், கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள். புகையாக வருவது ரோசின். தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு அது ஆஸ்துமா கொடுக்கும் என்பது உறுதியானது. முகத்துக்கு நேரே வராமல் ஒரு சிறு விசிறியால் இழுத்து வெளியேற்றுங்கள்.

ஐடிஐ, பாலிடெக்னிக் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் கையில் முதல் நாளே கூர்முனை அயர்னையும் புதுப் பலகையையும் கொடுக்காதீர்கள். தட்டை முனையும் செத்த பலகையும் கொடுங்கள். எத்தனை விநாடியில் திட்டு உரிகிறது என்று அவர்களே வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கட்டும். வீட்டில் கற்றுக்கொள்பவர்கள் ஒரு பழைய ரிமோட்டைப் பிரித்து, அந்தப் பழுப்புப் பலகையில் பத்துக் கம்பி வைத்து, பத்தையும் இழுத்துப் பாருங்கள். வேலை செய்யும் பலகையில் நீங்கள் வைக்கும் கம்பி பதினோராவதாக இருக்கட்டும்.